மரக் கூரைக்கு மேலே பூச்சு அடித்தால் போதுமா?

கேள்வி: அமெரிக்காவில் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். கூரை முழுவதும் சீடர் மர ஷேக், அதாவது மரத்தைப் பிளந்து எடுத்த கூரைப் பலகைகள். கூரை எந்தத் தீ வகுப்பைச் சேர்ந்தது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி சான்று கேட்கிறது. தீத்தடுப்புப் பூச்சை ஸ்பிரே செய்தால் போதும் என்கிறார் ஒரு கான்ட்ராக்டர். நம்பலாமா?

பதில்: அந்தப் பூச்சுக்குக் காசைக் கொட்டாதீர்கள். வெயிலிலும் மழையிலும் அதன் வலு குறைந்துகொண்டே போகும். தவிர, அதை வைத்துக் கூரைக்கு வகுப்பு வாங்க முடியாது. கட்டட விதிகள் கேட்பது, அழுத்தத்தில் மருந்து ஏற்றிய மரம். பலகைகளை உருளைத் தொட்டியில் அடைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, தீத்தடுப்பு ரசாயனத்தை அழுத்திச் செலுத்துவார்கள். இது தொழிற்சாலையில், பலகை கூரைக்கு ஏறுவதற்கு முன்பே நடக்க வேண்டிய வேலை.

அமெரிக்காவில் தீயைத் தாங்கும் திறனை வைத்துக் கூரைகளை ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள்; ஏ-தான் உச்சம். சோதனையில் ஒரு பகுதி பார்க்கவே சுவாரசியமானது. மரச் சட்டங்களை அடுக்கிச் செய்த கொள்ளியைப் பற்றவைத்து, மாதிரிக் கூரைமேல் வைத்து, காற்றை வீசச் செய்வார்கள். ஏ வகுப்புக்கான கொள்ளி 12 அங்குலச் சதுரம், எடை 2 கிலோ. பி வகுப்புக்கு 6 அங்குலம், 500 கிராம். சி வகுப்புக்கு ஒன்றரை அங்குலம்தான், 10 கிராம்கூட வராது. தீ அடிப்பக்கம் வரை துளைத்து வரக்கூடாது. கூரையிலிருந்து எரியும் துண்டுகள் பிய்த்துக்கொண்டு பறக்கவும் கூடாது. மருந்து ஏற்றாத ஷேக்குக்குப் பொதுவாக எந்த வகுப்பும் கிடையாது.

பறக்கும் துண்டைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? ஒரு கூரையில் கிளம்பும் கங்கு நாலு வீடு தள்ளிப் போய் விழும். 1923-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஒரே நாளில் 600-க்குச் சற்றுக் குறைவான கட்டடங்கள் எரிந்தன. தீ அப்படித் தாவியதற்கு மர ஷிங்கிள் (அறுத்தெடுத்த மெல்லிய மரத் துண்டுகள்) கூரைகளும் முக்கியக் காரணம்.

சரி, உங்கள் கூரை எந்த ரகம்? மருந்து ஏற்றிய ஷேக் என்றால் ஒவ்வொரு கட்டிலும் வகுப்பும் மருந்து ஏற்றிய நிறுவனத்தின் பெயரும் போட்ட லேபிள் இருந்திருக்கும். கூரை போட்டவர்கள் அதைக் குப்பையில் போட்டிருப்பார்கள். ஆகவே நகராட்சியின் கட்டடத் துறையில் பழைய பெர்மிட் கோப்பைக் கேளுங்கள். காகிதம் எதுவும் கிடைக்கவில்லையா, மருந்து ஏற்றாத மரம் என்றே வைத்துக்கொள்வதுதான் நல்லது.

அப்புறம், பகல் நேரத்தில் டார்ச்சை அணைத்துவிட்டுப் பரணில் ஏறி மேலே பாருங்கள். பழைய ஷேக் கூரைகளில் பெரும்பாலும் முழுப் பலகைத் தளம் இருக்காது. இடைவெளி விட்டு அடித்த சட்டங்கள், அவற்றுக்கு நடுவே ஷேக்கின் அடிப்பக்கம், அங்கங்கே ஊசிமுனை போல வெளிச்சம். உங்கள் கூரையும் அப்படியென்றால், தீக்கும் பரணுக்கும் நடுவே அந்த ஷேக் மட்டும்தான் இருக்கிறது.

என்னைக் கேட்டால் மாற்றிவிடுங்கள். மரத்தின் அழகை விட மனசில்லை என்றால் மருந்து ஏற்றிய ஷேக்கிலேயே பி வகுப்பு கிடைக்கும். ஷேக்குக்கு அடியில் விரிக்கும் உரிய தீத்தடுப்பு அடிவிரிப்போடு சேர்த்துச் சோதித்த ரகங்களில் ஏ வகுப்பும் உண்டு. ஆனால் அந்த 'ஏ' மேலிருக்கும் மரத்துக்கு மட்டும் கொடுத்தது இல்லை, அடுக்கு முழுவதற்கும் கொடுத்தது. செலவு மிச்சம் என்று அடிவிரிப்பை மாற்றினால் வகுப்பும் போய்விடும். மரத்தை விட்டுவிட்டு, கண்ணாடியிழையில் தார் போன்ற ஆஸ்பால்ட் பூசிய ஷிங்கிள் என்றால் ஏ வகுப்பு சுலபம். அதற்கு முதலில் சட்டங்கள்மேல் முழுப் பலகைத் தளம் அடிக்க வேண்டும். பழைய ஷேக்குக்கு மேலேயே புதுக் கூரை போடலாம் என்று சொன்னால் உஷார். நடுவே எரியக்கூடிய வெற்றிடம் உண்டாகுமானால், ஷேக் முழுவதையும் ஜிப்சம் பலகை போன்ற ஒன்றால் முதலில் மூட வேண்டும் என்பது விதி.

கங்கு உள்ளே நுழையாதபடி பரணின் காற்றுத் துளைகளுக்கு 3 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள உலோக வலை போடுங்கள். மழைநீர்த் தூம்பில் சருகு சேர விடாதீர்கள்.

எந்த வகுப்பு கட்டாயம் என்பது ஊருக்கு ஊர் மாறும். கலிஃபோர்னியாவில் தீ அபாயம் மிக அதிகமென்று குறித்த பகுதிகளில் ஏ வகுப்புதான். சில ஊர்களில் மருந்து ஏற்றிய மரத்துக்குக்கூட அனுமதி இல்லை. கட்டடத் துறையில் கேட்டுவிட்டு விலைப்புள்ளி வாங்குங்கள். அதில் பொருளின் பெயரோடு அடிவிரிப்பின் பெயரும், இரண்டும் சேர்ந்த வகுப்பும் எழுதியிருக்கட்டும். வேலை முடிந்ததும் இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்ட பெர்மிட் நகலை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்புங்கள்.