கடைசியாகச் சோதித்த எலும்புகள் மட்டும் ஏன் சட்டென்று முறிந்தன?

கேள்வி: இளநிலை இறுதியாண்டு ஆய்வுக்காக, பயிற்சி பெறாத எலிகளின் இடது தொடையெலும்புகளைக் காலையிலும், ஓடுபயிற்சி பெற்ற எலிகளுடையவற்றைப் பிற்பகலிலும் மூன்று புள்ளி வளைவுச் சோதனைக்கு (இரு தாங்கிகள்மேல் எலும்பை வைத்து நடுவில் அழுத்தி முறிக்கும் சோதனை) உட்படுத்தினேன். பயிற்சிக் குழுவின் எலும்புகள் அதிக விறைப்பைக் காட்டினாலும், அதிகம் வளையாமல் சட்டென்று முறிந்தன. இயந்திரத்தில் கோளாறா, அல்லது பயிற்சி எலும்பைக் கெடுத்துவிட்டதா?

பதில்: இரண்டையும் ஐயுறுவதற்கு முன், உறைபெட்டியிலிருந்து எடுத்த எலும்புகள் பிற்பகல் வரை எப்படி வைக்கப்பட்டிருந்தன என்பதை நினைவுகூருங்கள். மேசைமேல் திறந்தபடி கிடந்திருந்தால் அவை உலர்ந்திருக்கும். நீங்கள் விவரிப்பது உலர்ந்த எலும்பின் இயல்பேதான்.

எலும்பின் எடையில் ஏறத்தாழ 60 முதல் 65 விழுக்காடு தாதுப்பொருள். சுமார் 10 விழுக்காடு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் நார்ப்புரதம். தாது விறைப்பைத் தருகிறது. மீட்சி எல்லையை, அதாவது விசையை நீக்கினால் பழைய வடிவுக்குத் திரும்பும் எல்லையை, கடந்த பின்னும் எலும்பு உடனே முறியாமல் சற்று வளைந்து ஆற்றலை உள்வாங்குவதற்குக் கொலாஜன் துணைநிற்கிறது. அந்தக் கொலாஜன் நெகிழ்வுடன் இருக்க நீர் வேண்டும். நீர் வற்றினால் விறைப்பு கூடும், முறிவதற்கு முன் உள்வாங்கும் ஆற்றலோ குறைந்துவிடும். ஆகவே உச்ச விசையை மட்டும் பார்த்து எலும்பு வலிமையானது என்று சொல்லிவிட இயலாது. செலுத்திய விசைக்கு எலும்பு எவ்வளவு வளைந்தது என்பதைக் காட்டும் விசை–இடப்பெயர்ச்சி வரைகோட்டின் கீழுள்ள பரப்பையும், அதாவது உள்வாங்கிய ஆற்றலையும், கணக்கிட வேண்டும். மாணவர்கள் பலர் இந்தப் பரப்பை விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. முறிவைப் பற்றி அதிகம் பேசும் அளவீடு அதுதான்.

ஆனால் உலர்வைவிடப் பெரிய சிக்கல், ஒரு குழு முழுவதையும் முதலிலும் மற்றதைப் பின்னரும் சோதித்தது. கிடைத்த வேறுபாடு பயிற்சியால் வந்ததா, காத்திருந்த நேரத்தால் வந்ததா என்பதை இனி எந்தப் புள்ளியியல் கணக்கும் பிரித்துக் காட்டாது. வலது தொடையெலும்புகள் இன்னும் உறைபெட்டியில் இருந்தால் உங்கள் ஆய்வு பிழைத்துக்கொள்ளும். உப்புக்கரைசலில் நனைத்த காஸ் துணியில் சுற்றி −20 டிகிரி செல்சியசில் வைத்திருந்து, அன்றன்றைக்கு வேண்டியவற்றை மட்டும் எடுத்து, சோதிக்கும் நொடிவரை ஈரமாக வைத்திருங்கள். குழுக்களைக் கலந்து, வரிசையைக் குலுக்கலில் தீர்மானியுங்கள். தாங்கிகளின் இடைவெளி, எலும்பின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது, விசை செலுத்தும் வேகம் ஆகிய மூன்றும் மாறக் கூடாது. வேகம் கூடினாலே எலும்பு விறைப்பாகத் தெரியும்.

முறிந்த துண்டுகளையும் எறிந்துவிடாதீர்கள். அவற்றை முழுமையாக உலர்த்தி எடைபோட்டு, பின் உலையில் எரித்துச் சாம்பலை நிறுத்தால், உலர் எடையில் தாதுவின் பங்கு தெரியும்; மேசைமேல் உலர்ந்தது இந்த அளவைப் பாதிக்காது. மைக்ரோ சிடி (சிறு மாதிரிகளை நுணுக்கமாகப் படமெடுக்கும் எக்ஸ்-கதிர் வருடி) வசதி இருந்தால் குறுக்குவெட்டையும் அளக்கலாம். பயிற்சியின் பயன் பெரும்பாலும் அடர்த்தியைவிட வடிவத்தில்தான் வெளிப்படும்: வளைவு விறைப்பு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், ஓர் உருளைத் தண்டின் ஆரம் 10 விழுக்காடு கூடினால் விறைப்பு ஏறத்தாழ 46 விழுக்காடு உயரும்.

எலும்பு முறிவுத் தடுப்பைப் பற்றி எழுதும்போது, இந்தச் சோதனை தொடையெலும்பின் நடுத்தண்டிலுள்ள கெட்டி எலும்பை மட்டுமே அளக்கிறது என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். முதியோரிடம் அடிக்கடி முறியும் தொடையெலும்பின் கழுத்திலும் (இடுப்பு மூட்டை ஒட்டிய குறுகிய பகுதி) முதுகெலும்பிலும் பஞ்சு போன்ற எலும்பின் பங்கு பெரிது. அவற்றைப் பற்றிச் சொல்ல விரும்பினால், தொடையெலும்புக் கழுத்தையும் முள்ளெலும்பையும் தனியே அழுத்திச் சோதிக்க வேண்டும்.