சசாகியின் தோளும் உங்கள் மகனின் தோளும்

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வசிக்கிறோம். வீட்டில் எல்லோரும் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்கள். 2025-இல் அந்த அணியின் ஜப்பானியப் பிட்சர் (பந்து வீசுபவர்) ரோகி சசாகிக்குத் தோள்பட்டையில் இம்பிஞ்ச்மென்ட் என்று மாதக்கணக்கில் உட்கார வைத்தார்கள். திரும்பி வந்து நன்றாகத்தான் வீசினார். இருந்தாலும் அவர் பந்து ஒரு மைல் வேகம் குறைந்தால்கூட எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் உண்மை தெரிந்துவிடாதா? அந்தத் தோள் தாங்குமா? என் 12 வயது மகனும் பிட்சர். இரண்டு அணிகளில் ஆடுகிறான். சில நாள் அதே ஆட்டத்தில் கேட்சராகவும், அதாவது பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவனாகவும் நிற்பான். இரண்டு வாரமாக, வீசி முடித்ததும் மேல்கை வலிக்கிறது என்கிறான். அவனுக்கும் இதே பிரச்சினையாக இருக்குமா?

பதில்: சசாகியை நான் பரிசோதித்ததில்லை. வெளியே வந்த தகவல்களை வைத்துத்தான் பேச முடியும். உங்கள் மகனுக்கு இருப்பது பெரும்பாலும் வேறு பிரச்சினை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இம்பிஞ்ச்மென்ட் என்று இணையத்தில் தேடியிருப்பீர்கள். தலை சீவ முடியவில்லை, பரணில் இருப்பதை எடுக்க முடியவில்லை என்ற ஐம்பது வயதுக்காரர்களின் வலிதான் முதலில் வந்திருக்கும். அது தோளின் மேற்கூரை எலும்புக்கும் தசைநாணுக்கும் இடையே ஏற்படும் உரசல். பிட்சர்களிடம் அதிகம் பார்ப்பது வேறு வகை. வீசுவதற்கு முன் கையைக் கடைசிவரை பின்னால் மடக்குகிறார்கள் அல்லவா, அந்த நிலையில் தசைநாணின் அடிப்பக்கம் மூட்டுக்குள்ளேயே, குழியின் பின்விளிம்பில் நசுங்குகிறது. ஒரு முறை நசுங்குவதால் ஒன்றும் ஆகாது. பருவம் முழுக்க ஆயிரக்கணக்கான முறை நசுங்கும்போதுதான் பிரச்சினை.

தோள் மூட்டின் அமைப்பே அப்படி. மேல்கை எலும்பின் உருண்டைத் தலை பெரியது. அது உட்காரும் குழியோ, டீ கப்புக்கு அடியில் வைக்கும் தட்டைப் போல ஆழமே இல்லாதது. குழியின் விளிம்பில் லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம், சுற்றிலும் ஓர் உறை, அதற்கும் மேலே ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு சிறிய தசைகள். முழு வேகத்தில் வீசும்போது மேல்கை வினாடிக்குச் சுமார் 7,000 டிகிரி வேகத்தில் சுழல்கிறது. பந்து போன மறுகணம், கையைக் குழியிலிருந்து பிடுங்கப் பார்க்கும் விசை ஏறக்குறைய ஆளின் எடையளவு. அதை இழுத்துப் பிடிப்பதில் பெரும்பங்கு அந்தச் சின்னத் தசைகளுக்குத்தான். கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் என்றால் கீழ்முதுகை முதலில் பார்ப்போம். பிட்சர் என்றால் தோளும் முழங்கையும்தான்.

எம்.ஆர்.ஐ. விஷயத்துக்கு வருவோம். ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் என்ற புகழ்பெற்ற அமெரிக்க அறுவை மருத்துவர், எந்த வலியும் இல்லாத 31 தொழில்முறை பிட்சர்களின் தோளை ஸ்கேன் செய்து பார்த்தார். 90 சதவீதம் பேருக்குக் குருத்தெலும்பு இயல்பாக இல்லை. 87 சதவீதம் பேருக்கு ரொட்டேட்டர் கஃப் நாண் இயல்பாக இல்லை. அத்தனை பேரும் நன்றாக வீசிக்கொண்டிருந்தவர்கள்! அதனால் ‘சிறு கிழிசல்’ என்று ரிப்போர்ட்டில் இருப்பதை மட்டும் வைத்து ஒரு பிட்சரின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது. நான் என்றால் ரிப்போர்ட்டைப் புரட்டுவதற்கு முன் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகுப்பக்கம் நிற்பேன். கையைத் தூக்கி இறக்கும்போது இரண்டு தோள்பட்டை எலும்புகளும் ஒன்றுபோல நகர்கின்றனவா, ஒன்று துருத்திக்கொண்டு பின்தங்குகிறதா? வீசும் கை வெளிப்பக்கம் கூடுதலாகத் திரும்பும், உட்பக்கம் குறைவாகத் திரும்பும். சிறுவயதிலிருந்து வீசியவர்களுக்கு எலும்பே அப்படி வளர்ந்திருக்கும். இரண்டையும் கூட்டினால் மறுகையின் அளவுக்கு வரவேண்டும். வராவிட்டால்தான் யோசிக்க வேண்டும். வலி கையை மடக்கும்போதா, பந்தை விடும்போதா, மறுநாள் காலையிலா என்பதையும் கேட்பேன்.

வேகம் குறைவதைக் கவனிப்பது தவறில்லை. ஒரு நாள் ஒரு மைல் குறைந்தால் அது குளிராக இருக்கலாம், களைப்பாக இருக்கலாம், வேண்டுமென்றே அடக்கி வீசியதாகவும் இருக்கலாம். தொடர்ந்து குறைந்து, கூடவே கட்டுப்பாடும் போனால் அது வேறு கதை. சசாகியிடம் அதுதான் நடந்தது. 2025 மார்ச்சில் டோக்கியோவில் முதல் ஆட்டத்தில் மணிக்கு 100 மைலைத் தொட்டவர், மே 9 அன்று அரிசோனாவில் சராசரியாக 95-க்கும் கீழே வீசினார், ஒருவரைக்கூட ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) செய்யவில்லை. அதற்கு முன்பே சில வாரங்களாகத் தோளில் தொந்தரவு இருந்ததை அவர் வெளியே சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தது. மருத்துவனாக எனக்கு எம்.ஆர்.ஐ.யைவிட இந்தத் தகவல்தான் கவலை தருகிறது.

தோள் தாங்குமா? நேர்மையாகச் சொன்னால், தோள் முழங்கையைப் போல அல்ல. 1974-இல் டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்த அதே வகை முழங்கை அறுவைக்குப் பிறகு இன்று பெரும்பாலானோர் களத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். தோளுக்குள் கத்தி போனால் அந்த அளவுக்கு உறுதி சொல்ல முடியாது. 2006-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய பிராண்டன் வெப், 2009 பருவத்தின் முதல் ஆட்டத்தில் நான்கு இன்னிங்ஸ் வீசிவிட்டு வெளியேறினார். பிறகு அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. யோஹான் சந்தானா என்ற பிட்சர் 2010-இல் உறைக் கிழிசலுக்கு அறுவை செய்துகொண்டு, 2012 ஜூன் 1 அன்று 134 பந்துகளில் மெட்ஸ் அணியின் முதல் நோ-ஹிட்டரை (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) வீசினார். மறு ஆண்டே அதே உறை மீண்டும் கிழிந்தது. உங்கள் அணியின் கெர்ஷாவோ 2023 நவம்பரில் தோள் அறுவை முடிந்து, அடுத்த ஜூலையில் திரும்பி, 2025-இல் 3,000-ஆவது ஸ்ட்ரைக்அவுட்டை எடுத்தார்.

சசாகிக்கு நடந்தது அறுவை இல்லாமலே தீர்ந்தது. ஓய்வு, தசைப்பயிற்சி, வீசும் முறையில் திருத்தம் என்று நான்கு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, செப்டம்பர் கடைசியில் ரிலீவராக (ஆட்டத்தின் நடுவே இறங்கும் பிட்சராக) வந்து மறுபடி 100 மைலை ஒட்டி வீசினார். இது நல்ல அடையாளம். ஆனால் ஓரிரு இன்னிங்ஸ் வீசும் வேலையும், ஆட்டத்தைத் தொடங்கி நீண்ட நேரம் வீசும் ஸ்டார்ட்டர் வேலையும் ஒன்றல்ல. ஜப்பானில் வாரம் ஒரு முறை வீசியபோதே அவர் ஒரு பருவத்தில் 130 இன்னிங்ஸைத் தாண்டியதில்லை. அவர் ஸ்டார்ட்டராக வீசும்போது, ஆட்டங்களுக்கு இடையே எத்தனை நாள் விடுகிறார்கள், ஐந்தாவது இன்னிங்ஸில் வேகம் முதல் இன்னிங்ஸை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். கவலைப்படத்தான் வேண்டும் என்றால் இந்த இரண்டையும் வைத்துக் கவலைப்படுங்கள்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2019-இல் பள்ளி மாணவராக இவாத்தே மாகாணப் போட்டியில் சசாகி ஒரே ஆட்டத்தில் 194 பந்து வீசினார். மூன்று நாள் கழித்து அரையிறுதியில் 129. மறுநாள் இறுதி ஆட்டத்தில் பயிற்சியாளர் அவரை இறக்கவே இல்லை. பள்ளி தோற்றது, கோஷியன் என்ற தேசியப் பள்ளிப் போட்டிக்குப் போகும் கனவு போனது, கோபப்பட்டவர்கள் பள்ளிக்குத் தொலைபேசியில் திட்டித் தீர்த்தார்கள். எனக்கு அந்தப் பயிற்சியாளர் செய்தது முழுக்கச் சரி.

சரி, உங்கள் மகன். 12 வயதில் மேல்கை எலும்பின் உச்சியில் வளர்ச்சித் தகடு, அதாவது எலும்பு நீளும் மென்மையான பகுதி, இன்னும் மூடியிருக்காது. தசைநாணைவிட அந்தத் தகடுதான் பலவீனமான இடம். திரும்பத் திரும்ப வீசும்போது அது விலகத் தொடங்கும். ‘லிட்டில் லீகர் தோள்’ என்பது இதைத்தான். அவன் சொல்லும் வலி அதற்குப் பொருந்துகிறது. இந்த வாரமே குழந்தை எலும்பு மருத்துவரிடமோ விளையாட்டு மருத்துவரிடமோ காட்டுங்கள். இரண்டு தோளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். உறுதியானால் ஏறக்குறைய மூன்று மாதம் வீசவே கூடாது. நன்றாக ஆறும், பயப்பட வேண்டாம். தூக்கத்தில் வலி, கை மரத்துப்போவது, தூக்க முடியாமல் போவது இவற்றில் ஏதாவது இருந்தால் வாரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

மேஜர் லீக் இளம் பிட்சர்களுக்காக வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல்படி 11, 12 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 85 பந்து. 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு. ஆண்டில் நான்கு மாதம் வீசாமல் இருக்க வேண்டும். ஒரே ஆட்டத்தில் பிட்சரும் கேட்சருமாக நிற்கக் கூடாது. இரண்டு அணிகள் என்றால் ஒவ்வொரு பயிற்சியாளரும் தன் கணக்கை மட்டும்தான் பார்ப்பார். மொத்தக் கணக்கு உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

ஆட்டத்துக்கு முன் வலி மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள். ‘வலிக்கிறது என்று சொன்னால் வெளியே உட்கார வைத்துவிடுவார்கள்’ என்ற எண்ணம் அவனுக்கு வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வுக் காலத்தில் பேட்டிங் பண்ணலாமா என்று கட்டாயம் கேட்பான். எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் சரி என்று சொல்லி, சுழற்றும்போது வலியும் இல்லையென்றால் பண்ணட்டும். ஓடட்டும், கால் தசைகளுக்கு உடற்பயிற்சி செய்யட்டும். பந்தை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள்.