குட்டி ஊசித்தட்டான்கள்: கேள்வி-பதில்

கேள்வி: புல்லுக்குள் தாழப் பறக்கிறதே, இது கொசுவா ஊசித்தட்டானா?

இறக்கைகளை எண்ணுங்கள். கொசுவுக்கு 2, ஊசித்தட்டானுக்கு 4. உட்காரும்போது நான்கையும் முதுகின்மேல் சேர்த்து மடக்கும். கண்கள் இரண்டும் நன்றாக விலகி நிற்கும். நீங்கள் பார்த்தது மொத்தமே சுமார் 2 செ.மீ. என்றால் அநேகமாக அக்ரியோக்னெமிஸ் பேரினம்தான்.

கேள்வி: ஒரே இடத்தில் சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. இரண்டு இனமா?

அவசியமில்லை. அக்ரியோக்னெமிஸ் பேரினத்தைச் சேர்ந்த பிக்மியா, ஃபெமினா என்ற இரண்டு இனங்களிலும் இளம் பெண் பூச்சி பளிச்சென்று சிவப்பாக இருக்கும். முதிர முதிரப் பச்சைக்கு மாறும். நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் வைத்தால் தவறும்.

கேள்வி: பிக்மியாவையும் ஃபெமினாவையும் எப்படிப் பிரிப்பது?

முதிர்ந்த ஃபெமினா ஆணின் மார்பில் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளைப் பொடி படியும்; அது எளிது. சிக்கல் இளம் ஆண்களில்தான். இரண்டுக்கும் மார்பில் கறுப்பும் பச்சையும், வால்நுனி செங்கல் சிவப்பு. அங்கே நுனியிலுள்ள பற்றுறுப்புகளைப் பாருங்கள். மேல் ஜோடி நீளமானால் பிக்மியா, கீழ் ஜோடி நீளமானால் ஃபெமினா. இணைசேரும்போது ஆண் பெண்ணின் முன்மார்பைப் பற்றுவது இவற்றால்தான். அதனால்தான் இனத்துக்கு இனம் வடிவம் மாறுகிறது. மேலிருந்து எடுத்த படம் இதற்கு உதவாது. உடலுக்குப் பக்கவாட்டில், கேமரா உடலுக்கு இணையாக இருக்கும்படி, மேக்ரோ லென்ஸில் வால்நுனியைக் குவியுங்கள். பனி காயாத விடியலில் அசையாமல் இருக்கும்.

கேள்வி: நெல் வயலில் இவற்றால் பயனுண்டா?

நிச்சயம் உண்டு. பெரிய தட்டான்கள் பயிருக்கு மேலே வேட்டையாடும். இவை தூர்களுக்கு நடுவே நுழைந்து, நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையானையும் பச்சைத் தத்துப்பூச்சியையும் பிடிக்கும். கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது இவையே. புகையானின் முட்டைகளோ இலையுறைக்குள் பத்திரமாக இருந்து பொரிக்கும். தின்ன ஆளில்லாத வயலில் அது முன்னைவிடப் பெருகும். புகையானுக்காகத் தண்ணீரை வடிக்க வேண்டியிருந்தால் வரப்போரம் ஒரு குழியிலாவது நீர் நிற்கட்டும். ஊசித்தட்டானின் இளம்பருவம் முழுக்க நீரில்தான்.

கேள்வி: தொட்டியில் வரவழைக்கலாமா?

அருகில் புல்வெளியோ நீர்நிலையோ இருந்தால் தானே வரும். மீன் விடாதீர்கள், நீரில் வளரும் ஊசித்தட்டான் குஞ்சுகளைத் தின்றுவிடும். கோரை போன்ற மென்தண்டுச் செடி வையுங்கள். ஊசித்தட்டான் முட்டையைத் தண்டுக்குள் செருகித்தான் இடும். தண்டு நீர்மட்டத்துக்கு மேலேயும் நீண்டிருக்க வேண்டும், வளர்ந்த குஞ்சு அதைப் பிடித்து ஏறித்தான் தோலுரித்து இறக்கை விரிக்கும்.