கை ஒரு பக்கம், கண்ணு ஒரு பக்கம்: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஸ்கிரீன் இல்லாத டிராயிங் டேப்லெட் (கம்ப்யூட்டரோட சேர்த்து, பேனாவால வரையற பலகை) பத்தி ரெண்டே ரெண்டு வரிதான் எழுதினேன். அதுக்கு நகரி, பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை, காளஹஸ்தின்னு நம்ம பக்கத்துலேர்ந்தே இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கல. அதனால இந்த தடவை முழுக்க அதுதான்.

அக்கா, 3,500 ரூபாய்க்கு சின்ன டேப்லெட் ஒண்ணு வாங்கினேன். அப்பாவுக்கு தறிக்கூலி வந்த அன்னிக்கு கேட்டு வாங்கினது. நோட்டுல நான் நல்லாவே வரைவேன். இதுல ஒரு கோடு கூட நேரா வரல, கை எங்க போகுதுன்னே தெரியல. பத்து நாள் ஆச்சு, அழுகையா வருது. திருப்பி குடுத்துடலாமா?
கல்லூரி மாணவி, நகரி

குடுக்காதம்மா. உன் கையில ஒரு குறையும் இல்ல, டேப்லெட்லயும் இல்ல. பென்சில் புடிச்ச நாள்லேர்ந்து முனை எங்க இருக்கோ அங்கதான் உன் கண்ணும் இருந்துச்சு, இப்ப முதல் தடவையா பேனா மேசை மேல, கோடு எதிர்ல இருக்கிற ஸ்கிரீன்ல, ரெண்டும் பிரிஞ்சு போச்சு, அது பழகாம தடுமாறுது, அவ்ளோதான். 1964ல அமெரிக்காவுல ராண்ட் நிறுவனம் செஞ்ச டேப்லெட்டும் இப்படித்தான், பலகை கீழ, கோடு தெரியறது எதிர்ல இருக்கிற திரையில. அப்பலேர்ந்து வந்தவங்க எல்லாரும் இந்த தடுமாட்டத்தை தாண்டித்தான் வந்திருக்காங்க.

எனக்கும் அதே கதைதான். முதல் டேப்லெட் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, ஒரு வாரம் பாத்துட்டு பீரோ மேல தூக்கி போட்டேன், நாலு மாசம் அங்கயே கெடந்துச்சு. மார்கழியில ஒரு நாள் விடியகாலம் அம்மா வாசல்ல கோலம் போட்டுக்கினு இருந்தாங்க (நம்ம பக்கம் பாதி பேர் முக்குன்னு சொல்வாங்களே, அதேதான்). பக்கத்துல லைட்டு புடிச்சுகினு நின்னப்பதான் கவனிச்சேன், அம்மா மாவு விழுற இடத்தை பாக்கவே இல்ல. விரல் பாட்டுக்கு இழுத்துகினு வருது, கண்ணு மட்டும் அடுத்த புள்ளியில போய் உக்காந்திருக்கு. கை தானா அங்க போய் சேருது. அன்னிக்கு ராத்திரியே டேப்லெட்டை கீழ எறக்கி தூசி தட்டினேன்.

நீயும் அதையே பண்ணு. வெள்ளை கேன்வாஸ்ல அஞ்சுக்கு அஞ்சு புள்ளி வை. முதல் மூணு நாலு நாள் கோடே வேண்டாம், பேனாவை தூக்கி தூக்கி வச்ச புள்ளி மேலயே திரும்ப புள்ளி வைக்கணும், விலகி விழுந்தா விழட்டும். அப்புறம் ஒரு புள்ளியிலேர்ந்து இன்னொரு புள்ளிக்கு ஒரே இழுப்புல கோடு, கர்சரை பாக்காத, போய் சேர வேண்டிய புள்ளியை மட்டும் பாரு. ரெண்டாவது வாரத்துல சிக்கு கோலம், புள்ளியை சுத்தி சுத்தி வளைச்சு. ஒரு நாளைக்கு கால் மணி நேரம் போதும், ஆனா ஒரு நாளும் விடக்கூடாது. எனக்கு மூணு வாரம் ஆச்சு. கீழ பாக்கணும்னே தோணாத ஒரு நாள் வந்துச்சு.

இன்னொண்ணு, டேப்லெட்டை நோட்டு மாதிரி சாய்ச்சு வச்சிருக்கியான்னு பாரு. சாஞ்சிருந்தா நீ போடற நேர்கோடு எல்லாமே ஸ்கிரீன்ல சாஞ்சுதான் வரும். ஸ்கிரீனுக்கு நேர் எதிர்ல, அதோட விளிம்புக்கு ஒத்த மாதிரி வை. மணிக்கட்டை ஊனிக்கினு விரலால மட்டும் இழுக்காத, நீட்டு கோடு முழங்கையிலேர்ந்து வரணும்.

மேடம், நான் ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர். பேரன் வாங்கி குடுத்த டேப்லெட்ல வட்டம் போட்டா முட்டையா வருது. நாப்பது வருஷம் போர்டுல கைவீச்சுல வட்டம் போட்டவன் நான்.
வாசகர், பள்ளிப்பட்டு

ஐயா, உங்க வட்டம் வட்டம்தான், கணக்குதான் தப்பு. சின்ன டேப்லெட்ல நிறைய மாடல் 160 மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் உயரம், அதாவது 16க்கு 10. லேப்டாப் ஸ்கிரீன் பெரும்பாலும் 16க்கு 9. டேப்லெட் முழுசையும் ஸ்கிரீன் முழுசுக்கும் விரிக்கிறப்ப அகலம் ஒன்பதுல ஒரு பங்கு கூடுதலா இழுபடுது, அதான் முட்டை படுத்த மாதிரி தெரியுது.

வீட்டுல கண்ணாடி வளையலோ பிளாஸ்டிக் வளையலோ ஒண்ணு எடுத்து டேப்லெட் மேல வச்சு, உள்பக்கமா பேனாவை ஓட்டி பாருங்க (உலோக வளையல் வேண்டாம், பேனா சிக்னலை அது கெடுக்கும்). ஸ்கிரீன்ல முட்டை வந்தா டேப்லெட்டோட டிரைவர் சாஃப்ட்வேரை (டேப்லெட்டை கம்ப்யூட்டருக்கு புரிய வைக்கிறது அதுதான்) திறந்து ஒர்க் ஏரியான்னு இருக்கிற இடத்துக்கு போய் உயரத்தை 100லேர்ந்து 90 ஆக்குங்க. சில டிரைவர்ல ஸ்கிரீன் அளவுக்கு ஏத்த மாதிரி விகிதத்தை சரி பண்ண ஒரு டிக் இருக்கும், அதை போட்டாலே போதும். அடியில ஒரு சின்ன பட்டை வேலை செய்யாம போகும், அதுல நஷ்டம் இல்ல. திரும்ப வளையலை வச்சு ஓட்டுங்க. நாப்பது வருஷம் பழகின வட்டத்தை இப்ப நீங்களே ஸ்கிரீன்ல பாப்பீங்க.

8192 பிரஷர் லெவல் நல்லதா, 2048 போதுமா? கடையில குழப்பறாங்க.
வாசகர், குடியாத்தம்

2048 தாராளமா போதும். எவ்ளோ அழுத்தினா கோடு எவ்ளோ தடிக்கணும்னு கணக்கெடுக்கிற படிகள்தான் அது, நம்ம கைக்கு அந்த நுணுக்க வித்தியாசம் தெரியவே தெரியாது. அந்த நம்பரை பாத்து 1,000 ரூபாய் கூட குடுக்காதீங்க, அதுக்கு பதிலா பேனாவுக்கு பேட்டரி இல்லாததா பாருங்க. டேப்லெட் தர்ற காந்தப்புலத்துலேர்ந்தே அந்த மாதிரி பேனாவுக்கு சக்தி வந்துடும், எடை கம்மி, சார்ஜ் தொல்லை இல்ல. வாக்கம், ஹுயான், எக்ஸ்பி பென்னு மூணு கம்பெனியிலயும் 3,000லேர்ந்து 5,000 ரூபாய்க்குள்ள ஆரம்ப மாடல் இருக்கு. அதே காசுக்கு அளவு கொஞ்சம் பெருசா கிடைச்சா கண்ணை மூடிக்கினு அதை எடுங்க.

அக்கா, கம்ப்யூட்டர்ல கிரிட்டான்னு வரையற சாஃப்ட்வேர் போட்டிருக்கேன். எவ்ளோ அழுத்தினாலும் கோடு ஒரே தடிமனா வருது. பேனாவை கொஞ்ச நேரம் ஒரே இடத்துல வச்சா ஒரு வட்டம் சுத்துது.
பிளஸ் டூ மாணவன், திருத்தணி

ரெண்டும் வேற வேற பிரச்சனை தம்பி. முதல்ல பழைய டேப்லெட் டிரைவர் ஏதாவது இருந்தா எடுத்துட்டு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணிட்டு, உன் டேப்லெட் கம்பெனியோட சைட்லேர்ந்து புது டிரைவர் போடு. அப்பவும் அழுத்தம் வரலேன்னா கிரிட்டாவுல செட்டிங்ஸ், கான்ஃபிகர் கிரிட்டா, டேப்லெட் செட்டிங்ஸ். அங்க பேனா அழுத்தத்தை கிரிட்டா வாங்கிக்க வின்டேப், விண்டோஸ் இங்க்னு ரெண்டு வழி இருக்கும், இப்ப எதுல இருக்கோ அதுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்திட்டு கிரிட்டாவை மூடி திற. அங்கயே டேப்லெட் டெஸ்டர்னு ஒண்ணு இருக்கு, அழுத்தறப்ப நம்பர் மாறுதான்னு காட்டும். அந்த சுத்தற வட்டம் விண்டோஸோட வேலை, பேனாவை அழுத்தி புடிச்சா ரைட் கிளிக்னு நினைச்சுக்குது. கன்ட்ரோல் பேனல்ல பென் அண்ட் டச் போய் அதை ஆஃப் பண்ணிடு.

கிரிட்டா போட்டது நல்ல காரியம். காசே கேக்காது, திருட்டு சாஃப்ட்வேர் தேடி வைரஸ் வாங்க வேண்டாம். ஸ்வீடிஷ்ல கிரிட்டான்னா சாக்பீஸ்னு அர்த்தம், எனக்கு ரொம்ப புடிச்ச பேரு.

எங்க வீட்டுல லேப்டாப் இல்ல அக்கா. போன் மட்டும்தான். டேப்லெட் வாங்கலாமா?
பத்தாம் வகுப்பு மாணவி, ஊத்துக்கோட்டை

வாங்கலாம், ஆனா பெட்டி மேல ஆண்ட்ராய்டுன்னு எழுதியிருக்கான்னு பாத்து வாங்கு, எல்லா மாடலும் போன்ல ஓடாது. டேப்லெட் வயரை போன்ல சொருக ஓடிஜி கனெக்டர் ஒண்ணு வேணும், சின்ன விலைதான், சில டேப்லெட்டோடவே வரும். போன்ல வரையற ஆப்னா ஐபிஸ்பெயிண்ட், மெடிபேங் ரெண்டும் நல்லா இருக்கு. போனை நிமித்தி வச்சா டேப்லெட்ல கொஞ்ச இடம் மட்டும்தான் வேலை செய்யும், கை குறுகி போகும். போன் டேப்லெட்லேர்ந்துதான் கரண்ட் வாங்கும்னு நினைச்சுக்காத, டேப்லெட்தான் போன்லேர்ந்து வாங்கும், அதனால முழு சார்ஜ் போட்டுட்டு உக்காரு. அப்பா அம்மாகிட்ட காசு கேக்கறதுக்கு முன்னாடி, ஒரு மாசம் விரலாலயே ஐபிஸ்பெயிண்ட்ல வரைஞ்சு பாரேன். லேயர்னா (ஒண்ணு மேல ஒண்ணா வைக்கிற கண்ணாடி தாள் மாதிரி) என்னன்னு அதுலயே கத்துக்கலாம்.

அக்கா, எங்க வீட்டுல தாத்தா காலத்துலேர்ந்து கலம்காரி. நான் டேப்லெட்ல வரையறதை பாத்து தாத்தா "இது வரையறதே இல்ல, பொம்மை விளையாட்டு"ன்னு சொல்றாரு. மனசு கஷ்டமா இருக்கு.
வாசகி, காளஹஸ்தி

தாத்தா மேல வருத்தப்படாதம்மா, அவர் எதை வச்சு சொல்றாருன்னு எனக்கு புரியுது. உங்க ஊர்ல கலம்காரி போடறதை பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். மூங்கில் குச்சி முனைக்கு கொஞ்சம் மேல துணி சுத்தி நூல் கட்டியிருக்கும், சாயம் அதுல ஊறி நிக்கும், விரலால அதை அமுக்கற அளவுக்குதான் கீழ எறங்கும். லேசா அமுக்கினா மயிரிழை, கூட அமுக்கினா தடிச்ச கோடு. இரும்பும் வெல்லமும் ஊறவச்ச தண்ணி, கடுக்காயும் பாலும் குடிச்ச துணியில பட்ட உடனே கறுத்துடும். பட்டா பட்டதுதான், அழிக்க முடியாது. அந்த பயத்தோட வாழ்நாள் பூரா கோடு இழுத்தவருக்கு, தப்பானா அன்டூ தட்டறது விளையாட்டாதான் தெரியும்.

ஆனா அமுக்கினா தடிக்கும், விட்டா மெலியும்ங்கிறது ரெண்டுலயும் ஒண்ணுதான். உன் விரலுக்கு அது பொறந்ததுலேர்ந்து தெரியும், எங்களுக்கெல்லாம் கிடைக்காத சொத்து அது. தினம் அரை மணி நேரம் அன்டூவை தொடாம வரை, விழுந்த கோடு விழுந்ததாவே இருக்கட்டும். ஒரு நாள் தாத்தா கையில பேனாவை குடுத்து, நீ ஒண்ணும் சொல்லாம பக்கத்துல உக்காரு. அவர் ஒரு மயிலோட கழுத்து இழுத்தா போதும், மீதியை அவரே கேப்பாரு.

ஒண்ணே ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். டேப்லெட்ல வரைஞ்சதை துணியில பிரிண்ட் போட்டு வித்தா டிஜிட்டல் பிரிண்ட்னு சொல்லியே வித்துடு. கலம்காரின்னு சொல்லி வித்தா உங்க தெருவுல சாயம் காய்ச்சறவங்க வயித்துல அடிக்கிற மாதிரி.

பேனா முனை சாய்வா தேஞ்சு போச்சு, டேப்லெட்ல கீறல் விழுது. பேனாவே மாத்தணுமா?
வாசகர், புத்தூர்

வேண்டாம் சார், நிப்பை மாத்தினா போதும். பெட்டியிலயோ பேனா ஸ்டாண்டுக்கு உள்ளயோ அஞ்சாறு நிப்பு இருக்கும், நிறைய பேர் அதை பாக்காமயே பெட்டியை தூக்கி போட்டுடறாங்க. கூடவே நடுவுல ஓட்டை வச்ச சின்ன வளையம் ஒண்ணு இருக்கும், நிப்பை அதுல கவ்வி நேரா இழுத்தா வந்துடும், புதுசை அமுக்கி சொருகுங்க. சாய்வா தேஞ்ச முனை கூரா ஆகி பலகையை கீறும், அதனால தள்ளி போடாதீங்க. ஏற்கனவே விழுந்த கீறல் தட்டுப்பட்டா மேல ஒரு வெள்ளை ஏ4 பேப்பரை டேப் போட்டு ஒட்டி அது மேல வரையலாம், பேனா வேலை செய்யும், நோட்டுல எழுதற சொரசொரப்பும் கிடைக்கும். நிப்பு மட்டும் சீக்கிரம் தேயும், ஒரு பாக்கெட் கூடுதலா வாங்கி வச்சுக்குங்க.