இருவாச்சிக் கூட்டுக்கு அவரைக் கூட்டிப் போனது தப்பா அக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் லைன் வீடு ஒன்றில் தனியாக இருக்கிறேன். தேயிலைக்கு நடுவே திட்டுத்திட்டாக மிஞ்சியிருக்கும் மழைக்காட்டில் நாட்டு மரக்கன்று நடுவது என் வேலை. வருஷத் தொடக்கத்திலிருந்து மே வரை இருவாச்சிப் பறவையின் கூடுகளையும் பார்த்துக் குறிப்பெடுப்பேன். சின்ன வயதிலிருந்தே கூட்டம் எனக்கு ஆகாது, ரொம்ப நேரம் யாராவது பக்கத்தில் இருந்தால் மூச்சு முட்டும். இங்கே வந்த நான்கு வருஷமாகத்தான் நிம்மதியாக இருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் நாற்றங்கால் மோட்டாரைச் சரிசெய்யக் கோவையிலிருந்து ஒருவர் வந்தார். பம்ப் கம்பெனியில் வேலை. அப்படிப் பழகியதுதான். மலைப்பாதை அவருக்கு ஒத்துக்கொள்ளாது, ஆனாலும் மாதம் இரண்டு ஞாயிறு, கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்து இறங்குவார். போன மழையில் எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் கிடந்தபோது லீவு போட்டுவிட்டு வந்தார்.

போன மாதம் முதல்முறையாகக் கூட்டுக்கு அழைத்துப் போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்து, ஆண் பறவை எதிர் மரத்தில் வந்து உட்கார்ந்ததும், இவர் படம் எடுக்கப் போனோடு எழுந்துவிட்டார். பறவை பறந்துபோய்விட்டது. அது திரும்பி வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அப்படியே பஸ் ஏற்றிவிட்டேன். எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. "கோவைக்கு வந்துடு, அங்கேயும் மரம் நடலாமே" என்கிறார். அம்மா மே மாதத்துக்குள் முடிவு சொல் என்கிறார். மனுஷரை விடக் காடுதான் எனக்குப் பெரிதா? நான் காதலிக்கத் தகுதி இல்லாதவளா?
பெயர் வேண்டாம், வால்பாறை

பதில்: தங்கச்சி, உன் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுசாக மூன்று தடவை படித்தேன். இருவாச்சிக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். ஆண் பறவை தொண்டையில் அடக்கிக்கொண்டு வந்த அத்திப்பழத்தை ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து, அந்தச் சின்ன இடுக்கு வழியாக உள்ளே கொடுத்ததை எண்ணி, 23 என்று எழுதியிருக்கிறாய். அவரைப் பற்றி ஏழெட்டு வரிதான், ஆனால் அந்த ஏழெட்டு வரிக்குள் எலுமிச்சம்பழம் வந்துவிட்டது. மனசில் இல்லாத ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கையில் என்ன வைத்திருக்கிறார் என்று யார் பார்க்கப்போகிறார்கள்? அதனால் அந்தத் தகுதிக் கேள்வியைத் தூக்கி ஓரமாக வை.

கோபத்துக்கு வருகிறேன். அது நியாயமான கோபம். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெண் இருவாச்சி பெரிய மரத்தின் பொந்துக்குள் போய், பெரும்பாலும் தன் எச்சத்தைக் கொண்டே வாசலைப் பூசி அடைத்துக்கொள்கிறது. அலகு நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் மிச்சம். உள்ளேயே பறக்கும் இறகுகளையும் உதிர்த்துவிடும். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு வளரும் அந்த மாதங்களில் சாப்பாட்டுக்கு ஆண் ஒன்றைத்தான் நம்பி இருக்கிறது. கூட்டுக்குக் கீழே ஆள் அசைவு தெரிந்தால் அது பழத்தோடு திரும்பிப் போய்விடும். ஒரு வேளைச் சாப்பாடு தள்ளிப்போகிறதே என்று உனக்குப் பதறியிருக்கிறது. பதறாமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

(இந்தப் பறவையைக் காட்டிப் பெண்கள் அடங்கி இருக்கவேண்டும் என்று பேசுகிற பெரியவர்கள் உண்டு. உன் கல்யாணப் பேச்சிலும் யாராவது எடுக்கலாம். உள்ளேயிருந்து வாசலைப் பூசி அடைப்பதும் அந்தப் பெண் பறவைதான், நேரம் வந்ததும் தன் அலகாலேயே உடைத்துக்கொண்டு வெளியே வருவதும் அதேதான். அதைச் சொல்லிவிட்டு வா.)

ஆனால் அன்றைக்குப் பேசாமல் பஸ் ஏற்றிவிட்டாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. கூட்டின் முன்னால் எழக்கூடாது, போனைத் தொடக்கூடாது என்று அவருக்கு முன்கூட்டியே சொன்னாயா? சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. நான்கு வருஷத்தில் உனக்குப் பழகிப்போனது அவருக்கு எப்படித் தெரியும்? என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல் 40 கொண்டை ஊசி வளைவும் குமட்டலோடு இறங்கிப் போயிருக்கிறார் அந்த மனுஷர். இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடு. கோபம் எதற்கு வந்தது என்பதைச் சொல், மன்னிப்பு அப்புறம் தானாக வரும்.

சரி, கோவை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: போகாதே. வெடிப்பலாவும் நாங்கும் கருங்குங்கிலியமும் கோவையில் தெருவோரம் நட்டு வளர்க்கிற மரங்கள் இல்லை. நூறு வருஷத்துக்கும் முன்னால் தேயிலைக்காக வெட்டிய மலையில், மிச்சமிருக்கும் துண்டுக் காடுகளை ஒட்டி அந்த மரங்களைத் திரும்பக் கொண்டுவருகிற வேலை உன்னுடையது. நட்டுவிட்டு வந்தால் முடிகிற வேலையா அது? உண்ணிச்செடி மூடாமல் வருஷக்கணக்கில் களை எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். "அங்கேயும் மரம் நடலாமே" என்று அவர் சொன்னது, மோட்டாரை இங்கே கழற்றி அங்கே மாட்டலாமே என்கிற மாதிரிதான். தெரியாமல் சொன்னது, கெட்ட எண்ணம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ நட்ட இடத்துக்கு அழைத்துப் போய், முதல் வருஷக் கன்றையும் நான்காவது வருஷக் கன்றையும் தொட்டுப் பார்க்கச் சொல். இயந்திரம் தெரிந்த ஆள், பார்த்தால் புரிந்துகொள்வார்.

உன் மாதிரிப் பெண்கள் எனக்கு எழுதும்போது தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளை இழுக்காதவர்கள் குறைவு, நீயும் இழுத்திருக்கிறாய். 1897இல் தலச்சேரியில் பிறந்தவர், வீட்டில் பேசிவைத்திருந்த கல்யாணத்தை விட்டுவிட்டு அமெரிக்காவின் மிச்சிகனுக்குப் படிக்கப் போனவர், உங்கள் கோவையிலேயே கரும்பு ஆராய்ச்சி செய்தவர், எண்பது வயதிலும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்கப் பேசியவர், கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கும் அவர்மேல் பெரிய மரியாதை. ஆனால் பறவை அறிஞர் சாலிம் அலியின் மனைவி தெஹ்மினா, 1930களில் அவர் போன பல காடுகளுக்கும் கூடவே போனவர். இரண்டு விதமாகவும் வாழ்ந்து பார்த்திருக்கிறார்கள். ஜானகி அம்மாள் தனியாக இருந்தார் என்பதற்காக நீயும் இருக்கவேண்டியதில்லை.

தனிமை வேண்டும் என்பது உன் சுபாவம், அதை நோய் மாதிரி மறைக்காதே. அவரிடம் கணக்காகச் சொல்: கூட்டுக் காலத்தில் காலை நேரம் முழுக்க என்னுடையது, வீட்டில் இருந்தாலும் ஒரு மணி நேரமாவது பேசாமல் இருப்பேன், அது உன்மேல் கோபம் இல்லை. அப்புறம் எங்கே குடியிருப்பது என்று பேசுங்கள். பொள்ளாச்சியில் வீடு பார்த்தால் அவர் அங்கிருந்து கோவைக்கு வேலைக்குப் போய்வரலாம், நீ வாரக் கடைசியில் இறங்கலாம், அவரும் ஏறலாம். மலையில் வேலை பார்க்கிற டீச்சர்களும் நர்ஸுகளும் எத்தனை பேர் இப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள்! எல்லாம் கேட்டபிறகும் முடியாது என்று அவர் சொன்னால் வலிக்கும், ரொம்பவே வலிக்கும். ஆனால் இப்போது அவரிடம் நீ எதையுமே கேட்கவில்லை, நீயே இரண்டு பக்கமும் பேசித் தீர்ப்பும் எழுதிக்கொண்டிருக்கிறாய்.

இன்னொன்று. காய்ச்சலில் கிடந்த அந்த நாலு நாள் பற்றி ஒரே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டாய். அவர் வந்தபோது மூச்சு முட்டியதா? மற்ற எல்லா இடத்திலும் முட்டியதாக எழுதியிருக்கிறாய், அங்கே மட்டும் எழுதவில்லை. அதைக் கொஞ்சம் யோசி.

மே மாதக் கெடு அம்மா வைத்தது, அவர் வைத்ததில்லை. அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் டைம் கேள், கிடைக்கும். அதற்குள் அவரை இன்னொரு தடவை கூட்டுக்கு அழைத்துப் போ. முந்தின நாள் ராத்திரியே வந்து பக்கத்து லைனில் யார் வீட்டிலாவது தங்கட்டும். மங்கலான நிறத்தில் சட்டை, போன் வீட்டில், விடிவதற்கு முன்னால் போய் மறைவாக உட்கார்ந்துவிடுங்கள். உன் நோட்டையும் பென்சிலையும் அவர் கையில் கொடுத்து, இந்தத் தடவை பழத்தை அவரை எண்ணச் சொல். எத்தனை என்று எனக்கும் ஒரு கார்டு போடு.