முகவிலை (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேல்ஸ் நாட்டின் இடைக்காலக் கதைகளான மாபினோகியின் நான்கு கிளைகளையும் கல்லூரி வயது வாசகர்களுக்காகத் தமிழில் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சார்லட் கெஸ்டின் ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் வைத்திருக்கிறேன். மூன்று இடங்களில் தடுமாற்றம். நடுநடுவே வரும் நஷ்டஈட்டுக் கணக்குகள் கதையை நிறுத்திவிடுகின்றன, வெட்டலாமா? யாரும் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று மூலம் சொல்வதே இல்லை, நான் காரணம் எழுதிச் சேர்க்கலாமா? பெயர்கள் வாயில் நுழையவில்லை, தமிழ்ப்பெயராக மாற்றிவிடலாமா?

க. ச.

அன்புள்ள க. ச.,

கணக்குகளை வெட்டாதீர்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் பாதிக்குமேல் அந்தக் கணக்குகளுக்குள்தான் இருக்கிறது.

இரண்டாம் கிளையைப் பாருங்கள். அயர்லாந்து அரசன் மாதொலுஹ், ப்ரான்வெனைப் பெண் கேட்டு வருகிறான், கொடுக்கிறார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தங்கையைக் கொடுப்பதா என்று எவ்நிசியென் விருந்தினரின் குதிரைகளைச் சிதைக்கிறான். உதடுகளைப் பல்வரை, காதுகளைத் தலையோடு, வாலை முதுகோடு, பிடி கிடைத்த இடத்தில் இமைகளை எலும்புவரை வெட்டுகிறான். மூத்தவனும் அரசனுமான பெண்டிகைட்வ்ரான் அதற்கு ஈடு தருகிறான்: கெட்டுப்போன ஒவ்வொரு குதிரைக்கும் பழுதில்லாத ஒரு குதிரை, மாதொலுஹின் உயரத்துக்கு ஒரு வெள்ளிக்கோல், அவன் முகத்தின் அகலத்துக்கு ஒரு பொன்தட்டு.

கதைசொல்லி வாய்க்கு வந்ததை அடுக்கியதல்ல இது. ஹவெல் தா அரசனின் பெயரால் வழங்கும் வெல்ஷ் சட்டநூல்களில், அரசனை அவமதித்தவன் கட்டவேண்டிய தண்டத்திலும் வெள்ளிக்கோல் வருகிறது, முகமளவு பொன்தட்டு வருகிறது. இந்த வகை ஈட்டுக்கு வெல்ஷ் மொழியில் 'வினெப்வெர்த்' என்று ஒரு சொல் உண்டு. நேர்ப்பொருள் முகவிலை. 'எந்த முகத்தோடு ஊர் திரும்புவது' என்று பேசுகிறவர்களுக்கு இதை அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டியதில்லை. 'நஷ்டஈடு' என்று எழுதினீர்களோ, இன்ஷூரன்ஸ் அலுவலக வாசம் வந்துவிடும். 'முகவிலை' என்றே எழுதுங்கள். பட்டியலாகத் தெரிவது உறுத்தினால், தட்டை அவன் முகத்தருகே பிடித்து அளவு பார்க்கிறார்கள் என்று ஒரே ஒரு வரி சேர்க்கலாம். மூலத்தில் இல்லாத வரிதான், ஆனால் மூலம் தாங்கும்.

இனி, வெட்டினால் என்ன கெடும் என்பது. ஈடு கொடுத்த பிறகும் விருந்தில் மாதொலுஹின் பேச்சில் கலகலப்பில்லை. கொடுத்தது குறைச்சல் என்று நினைக்கிறானோ என்று பெண்டிகைட்வ்ரான் மேலும் ஒரு கொப்பரையைக் கொடுக்கிறான். இன்று செத்தவனை அதில் போட்டால் நாளை முன்போலவே சண்டை போடுவான், பேச்சு மட்டும் வராது. அந்தக் கொப்பரைதான் பிறகு அயர்லாந்துப் போரில் பெண்டிகைட்வ்ரானின் படைக்கு எதிராகவே கொதிக்கிறது. கடைசியில் ஏழே ஆண்கள் திரும்புகிறார்கள். ஈட்டுக் கணக்கை எடுத்துவிட்டால் கொப்பரை திடீரென்று முளைத்த மாயப்பொருளாகிவிடும். கணக்கோடு சொன்னால், முகத்தைக் காப்பாற்றக் கொடுத்ததே குடியைக் கெடுத்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

எவ்நிசியெனுக்கு மூலம் தரும் காரணம் ஒன்றுதான்: என்னைக் கேட்கவில்லை. மறுகூறல்களில் வழக்கமாக நடக்கும் தவறு, இதற்குமேல் அவனுக்கு ஒரு துயரமான பால்யத்தைக் கட்டிக்கொடுப்பது. அப்படிச் செய்தால் அவனைப் புரிந்துகொள்ளலாம், ஆனால் அவன் மேல் இருக்கும் பயம் போய்விடும். இவனேதான் கடைசியில் பிணங்களுக்கிடையே பிணம்போலப் படுத்து, கொப்பரைக்குள் வீசப்பட்டு, உடலை நீட்டி அதை நான்காக உடைக்கிறான். அவன் நெஞ்சும் உடைகிறது. உள்ளே புகுந்து அவன் நினைப்பை எழுதாதீர்கள். கை செய்ததை மட்டும் எழுதுங்கள்.

கெஸ்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவருடைய உழைப்பு பெரிது, முதல் பகுதி 1838இல் வந்தது. ஆனால் விக்டோரியா காலத்து வீட்டுக்கூடத்துக்காகச் சில இடங்களை மழுப்பியிருக்கிறார். நான்காம் கிளையில் கொய்வினை கில்வைத்வி, தன் சகோதரன் க்விடியொனின் துணையோடு, பலவந்தப்படுத்துகிறான். கெஸ்டில் அது, மற்றப் பெண்களை வெளியேற்றிவிட்டு அவளை விருப்பமில்லாமல் அங்கே இருக்கவைத்தான் என்ற அளவில் முடிந்துவிடும். அதை நம்பி எழுதினால் அடுத்த பக்கம் காலை வாரும். அரசன் மாத்தின் பாதங்களை மடியில் தாங்கும் கன்னி கொய்வின். அவள் அவனிடம் வந்து, இனி உங்கள் பாதங்களைத் தாங்க வேறொரு கன்னியைத் தேடிக்கொள்ளுங்கள் என்கிறாள். நான் வாய்மூடி இருக்கவில்லை, அரண்மனையில் இதை அறியாதவர் இல்லை என்கிறாள். செய்தவர்கள் உங்கள் தங்கை மக்கள் என்று பெயரும் சொல்கிறாள். முதலில் உனக்கு ஈடு, பிறகுதான் எனக்கு என்கிறான் மாத். அவளை மணந்து நாட்டின் அதிகாரத்தையும் அவள் கையில் கொடுக்கிறான். அதன் பிறகே மருமகன்களுக்குத் தண்டனை: மானாக, காட்டுப்பன்றியாக, ஓநாயாக மூன்று ஆண்டு, ஆணும் பெண்ணுமாக இணைந்து குட்டி போட்டு வாழவேண்டும். இளம் வாசகர்களுக்கென்று நிகழ்ச்சியை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள், போதும். ஆனால் மழுப்பாத வாக்கியமாக இருக்கட்டும், அவள் பேச்சில் ஒரு சொல்லும் குறையாமல் இருக்கட்டும். இந்த இடத்துக்கு மட்டுமாவது ஷோனெட் டேவிஸின் 2007 மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட கதையின் ஓசையும் அதில் பிடிபடும்.

ஓசை என்றதும் மூன்று தரம் திரும்ப வரும் நிகழ்ச்சிகள். முதல் கிளையில் ரியான்னன் மெதுநடையில் குதிரையில் போகிறாள், எவ்வளவு விரட்டினாலும் எட்ட முடிவதில்லை. ஆட்களை அனுப்பித் தோற்றபின் மூன்றாம் நாள் தலைவன் ப்வில் தானே விரட்டி, முடியாமல், நில் என்று கேட்கிறான். 'மகிழ்ச்சியாக நிற்பேன். வெகுநேரம் முன்பே கேட்டிருந்தால் குதிரைக்கு நல்லதாக இருந்திருக்கும்' என்கிறாள். மூன்றில் ஒன்றைக் குறைத்தாலும் இந்தக் குத்தல் ஏறாது. இரண்டாம் நாளை வேண்டுமானால் இரண்டு வரியில் முடித்துவிடுங்கள்.

பெயர்களை மாற்றாதீர்கள். பூக்களால் செய்யப்பட்ட ப்லொடைவெத்துக்கு மலர்முகி என்று வைத்தால் அவள் நேராக நம்மூர் அந்தப்புரத்துக்குப் போய்விடுவாள். ஒலிபெயர்ப்பு நீங்கள் பயப்படுகிற அளவு கடினமில்லை. இரட்டை டி எழுதும் வெல்ஷ் ஒலி, நம் 'அது', 'விதை' என்பவற்றில் வரும் த. ஒற்றை எஃப் என்றால் வ. டபிள்யூ பல இடங்களில் உயிரெழுத்து, உ அல்லது ஊ, அதனால்தான் இக்கதைகளில் வரும் மறுவுலகத்தின் பெயர் அன்னூன். இரட்டை எல் மட்டும் தமிழில் கிடையாது: நாக்கை ல-வின் இடத்தில் வைத்து, குரல் கொடுக்காமல் பக்கவாட்டில் காற்றை ஊதவேண்டும். அதற்கு ழ போட ஆசை வரும், போடாதீர்கள். ல என்றே எழுதி முன்னுரையில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். இன்னொன்று, ப்ரான் வேறு ஆள், பெண்டிகைட்வ்ரான் வேறு ஆள் என்று குழம்ப வேண்டாம். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம் ஆவதுபோலத்தான், பெண்டிகைட் என்ற அடைமொழியும் ப்ரானும் சேர்ந்து பெண்டிகைட்வ்ரான் ஆகிறது. நமக்கு அங்கே முன்சொல்லின் கடைசி திரிகிறது, அவர்களுக்குப் பின்சொல்லின் முதல் எழுத்து திரிகிறது.

பொருளோடு விளையாடும் பெயர்களுக்கு மட்டும் கதைக்குள்ளேயே ஒரு வரி இடம் கொடுங்கள். காணாமல்போன மகன் கிடைத்ததும் ரியான்னன் என் கவலை தீர்ந்தது என்கிறாள், அந்தக் கவலையே பிள்ளைக்கு ப்ரடெரி என்று பெயராகிறது. பூக்களால் செய்யப்பட்டவள் முதலில் ப்லொடையெத், பூக்கள். ஆந்தையாக்கப்பட்ட பிறகு ப்லொடைவெத், பூமுகம். ஆந்தையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லவேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. அரியன்ரோட் தன் மகனுக்கு விதிக்கும் மூன்று 'டங்ஹெட்'களை, அதாவது நான் தராமல் பெயரில்லை, ஆயுதமில்லை, இவ்வுலகப் பெண்ணில் மனைவியில்லை என்பவற்றைச் சாபம் என்று எழுதிவிடாதீர்கள். சாபம் என்று படித்தவுடனே நம் வாசகர் விமோசனம் எப்போது என்று காத்திருப்பார். இங்கே யாரும் இரங்கி எதையும் நீக்குவதில்லை. முதல் இரண்டையும் அவள் வாயாலும் கையாலுமே பெயரும் ஆயுதமும் கொடுக்கவைத்து ஏமாற்றி வாங்குகிறான் அவள் சகோதரன் க்விடியொன். மூன்றாவதற்கு ஓக், ப்ரூம், மெடோஸ்வீட் பூக்களைக் கூட்டிப் பெண்ணைச் செய்யவேண்டியதாகிறது. 'ஆணை' என்று வைத்துப்பாருங்கள். ஆணையில் ஓட்டை தேடுவது நமக்கும் பழக்கமான வேலைதான்.