வீட்டு எலக்ட்ரானிக்ஸ் லேபுக்குப் பழைய மாடுலர் டெஸ்ட் கருவிகள் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

கும்பகோணத்தில் வீட்டு மாடியில் சின்னதாக ஒரு லேப் போடப் போகிறீர்கள். ஒரே ஃபிரேமில் நாலைந்து கருவிகளைச் செருகிக்கொள்ளும் பழைய மாடுலர் செட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மன்னார்குடியில் ஆம்ப்ளிஃபயரும் மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டுகளும் பழுது பார்க்கிறவன். ஒன்பது வருடமாக என் மேசையில் இருப்பது டெக்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் டி.எம். 500 என்ற மாடுலர் வரிசை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், தாராளமாக வாங்கலாம். ஆனால் மாடுலைப் பார்ப்பதற்கு முன்னால் ஃபிரேமைப் பாருங்கள். விளம்பரத்தில் எல்லோரும் மாடுலைத்தான் படம் பிடித்துப் போடுவார்கள். நமக்குக் கஷ்டம் வருவது ஃபிரேமிலிருந்துதான்.

ஏன் என்று சொல்கிறேன். டி.எம். 500 வரிசையில் ஒவ்வொரு மாடுலும் (செருகும் கருவி) தனியாக டிரான்ஸ்பார்மர் வைத்துக்கொள்ளாது. ஃபிரேமில் இருக்கும் பெரிய டிரான்ஸ்பார்மர் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஏறக்குறைய பிளஸ் 33.5, மைனஸ் 33.5, பிளஸ் 11.5 வோல்ட் டி.சி.யும், கூடவே ஏ.சி.யும் கொடுக்கும். அதோடு, ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஒரு என்.பி.என்., ஒரு பி.என்.பி. என்று இரண்டு வகைப் பவர் டிரான்சிஸ்டரும் ஃபிரேமின் பின்பக்க ஹீட்சிங்கில் இருக்கும். பி.எஸ். 503ஏ போன்ற பவர் சப்ளை மாடுல் தன்னுடைய பெரிய கரன்ட்டை இந்த டிரான்சிஸ்டர்கள் வழியாகத்தான் விடுகிறது. ஆக, மாடுல் பாதி என்றால் ஃபிரேம் மீதிப் பாதி.

எனக்கு வந்த முதல் செட்டில் இதுதான் நடந்தது. சப்ளையின் பிளஸ் பக்கம் 20 வோல்ட் அழகாகக் காட்டும். சின்ன லோடு கொடுத்தால் அப்படியே படுத்துவிடும். நாலு நாள் மாடுலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை. ஐந்தாம் நாள் அதைப் பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றிப் போட்டேன், வேலை செய்தது. பழைய ஸ்லாட்டின் என்.பி.என். டிரான்சிஸ்டர் உள்ளே இணைப்பு அறுந்து ஓப்பன் ஆகியிருந்தது. மாடுலில் குறையே இல்லை. அன்றிலிருந்து எந்தப் பழுதானாலும் முதல் வேலை ஸ்லாட் மாற்றிப் பார்ப்பதுதான். கோளாறு மாடுலோடு போகிறதா, ஸ்லாட்டிலேயே நிற்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தனிக் கருவிகளில் இந்த வசதி கிடையாது. மாற்றும்போது மட்டும் ஸ்விட்சை அணைத்துவிட்டு மாற்றுங்கள். கரன்ட் இருக்கும்போது செருகவும் கூடாது, உருவவும் கூடாது.

அடுத்தது நம் ஊர் மின்சாரம். அமெரிக்காவிலிருந்து வரும் ஃபிரேம் பெரும்பாலும் 110 அல்லது 120 வோல்ட்டுக்கு வைத்திருக்கும். நேராக நம் பிளக்கில் சொருகினால் கதை முடிந்தது. மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ஜம்பரை 240க்கு மாற்ற வேண்டும். ஃபியூஸையும் அதற்கேற்ற சிறிய மதிப்புக்கு மாற்ற வேண்டும். ஃபியூஸை மாற்ற மறப்பவர்கள் நிறையப் பேர். அப்புறம், முதல் முறை கரன்ட் கொடுக்கும்போது எலக்ட்ரீசியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் லேம்ப் (கருவிக்குப் போகும் லைனின் நடுவே மாட்டிய பல்ப்) வழியாகக் கொடுங்கள். எல்லா மாடுலையும் உருவிவிட்டு வெறும் ஃபிரேமோடு 60 அல்லது 100 வாட் குண்டு பல்ப் போதும். சட்டென்று எரிந்து மங்கினால் நல்லது. விடாமல் பிரகாசமாக எரிந்தால் உடனே அணைத்துவிட்டு டயோடு, பெரிய கெபாசிட்டர் இரண்டையும் பாருங்கள். பல்பு மங்கிய பிறகு ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மேலே சொன்ன மூன்று வோல்டேஜையும் அளந்து எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகு ஒவ்வொரு மாடுலாகப் போடுங்கள். ஏதாவது ஒன்றைப் போட்டதும் அதன் உள் சப்ளை இறங்கினால் முதலில் டாண்டலம் கெபாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். வயதான டாண்டலம் ஷார்ட் ஆவது சகஜம்.

ஊரில் சுற்றிலும் பம்புசெட் ஓடும் நாட்களில் என் வீட்டில் வோல்டேஜ் 180 வரை இறங்கியிருக்கிறது. 240க்கு வைத்த ஃபிரேம் அந்த நேரத்தில் முழு லோடில் திணறும், சப்ளையின் டி.சி.யில் ரிப்பிள் (ஏ.சி. அலை) எட்டிப்பார்க்கும். போர்டில்தான் கோளாறு என்று நினைத்து நான் ஒரு ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறேன். ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வாங்கிவிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது.

எந்த மாடுல்? ஸ்கோப்பும் (அலை வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்) மல்டிமீட்டரும் புதிதாகவே வாங்குங்கள். டெக்ட்ரானிக்ஸ் 7000 வரிசை ஸ்கோப்புகள் எனக்கு உயிர். ஆனால் பிக்சர் டியூப் போனால் மாற்று கிடைக்காது, எடையும் தூக்க முடியாத எடை. சின்ன டிஜிட்டல் ஸ்கோப் உங்கள் வேலைக்குப் போதும். பழைய மாடுலில் காசு போட வேண்டியது, இன்று புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாத கருவிகளில். ஆடியோ வேலை செய்பவராக இருந்தால் சோதனை ஒலி சிக்னல் தரும் எஸ்.ஜி. 505 ஆசிலேட்டரும், அது ஆம்ப்ளிஃபயரில் எவ்வளவு சிதைகிறது என்று அளக்கும் ஏ.ஏ. 501 டிஸ்டார்ஷன் அனலைசரும் ஜோடியாகக் கிடைத்தால் விடாதீர்கள். அந்த ஆசிலேட்டரின் சொந்த டிஸ்டார்ஷன் ஆடியோ வரம்பில் 0.001 சதவீதத்துக்கும் கீழே. அனலைசர் லெவலையும் ஃப்ரீக்வென்சியையும் தானே பிடித்துக்கொள்ளும், நாம் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். மைக் செட்காரர்கள் கொண்டுவரும் ஆம்ப்ளிஃபயரில் எந்தப் பக்கம் கெட்டது என்று நான் கண்டுபிடிப்பது இந்த ஜோடியை வைத்துத்தான். கரன்ட் அளக்க ஏ.எம். 503 அருமையானது. ஒயரைக் கவ்வி அளக்கும் ஏ6302 புரோப் மாட்டினால் டி.சி.யிலிருந்து 50 மெகாஹெர்ட்ஸ் வரை பார்க்கலாம். புரோப் இல்லாமல் வெறும் ஏ.எம். 503 மலிவாக வந்தால் வாங்காதீர்கள், கிடைக்காதது புரோப்தான். ஃப்ரீக்வென்சி கவுன்ட்டர் எது வந்தாலும் சரி, ஜி.பி.எஸ். மாடுல் ஒன்று தரும் துல்லியமான நேரத் துடிப்பை (டைம்பல்ஸ்) வைத்து வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

வி.எக்ஸ்.ஐ., பி.எக்ஸ்.ஐ. பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 1987இலும் 1997இலும் வந்த, கம்ப்யூட்டர் வழியாக இயக்கும் மாடுலர் கருவி வரிசைகள் இவை. முகப்பில் திருகு கிடையாது, திரை கிடையாது. கன்ட்ரோலர், டிரைவர், அதற்கு ஒத்துவரும் விண்டோஸ் எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு வோல்டேஜைப் பார்க்க முடியும். ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப ஆயிரம் முறை ஓட்டுகிறவருக்கு அது சரி. பழுது பார்க்கிறவருக்குக் கை வைத்துத் திருக ஒரு நாப் வேண்டும். டி.எம். 500க்கு முழு சர்க்யூட்டோடு சர்வீஸ் மேனுவல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. என்னைக் கேட்டால், மேனுவல் கிடைக்காத கருவியை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

வாங்கும் வழி: ஃபிரேம் கனமானது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் கூலிக்கும் சேர்த்துத்தான் கஸ்டம்ஸ் வரி போடுவார்கள். அதனால் ஃபிரேமை சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ பொறுமையாகத் தேடுங்கள், மாடுலை மட்டும் வெளியிலிருந்து வாங்குங்கள். அனுப்புகிறவரிடம் மாடுல்களை உருவித் தனித்தனியாகச் சுற்றச் சொல்லுங்கள். எனக்கு ஒருவர் ஃபிரேமுக்குள் வைத்தபடியே அனுப்பி, வழியில் அடிபட்டு எட்ஜ் கனெக்டர் ஒன்று விரிசல் விட்டு வந்தது.

கடைசியாக ஈரம். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் சுவர் எல்லாம் வேர்க்கும். நான் முதலில் ரேழியில் மேசை போட்டிருந்தேன். முற்றத்துச் சாரல் காற்றில் ஒரே மழைக்காலத்தில் ஸ்விட்ச் கான்டாக்ட் எல்லாம் கறுத்துவிட்டது. இப்போது நெல் குதிர் இருந்த உள் அறைக்கு மாற்றிவிட்டேன். அடைமழை நாட்களில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையில் ஒரு மணி நேரம் ஃபிரேமை ஆன் செய்து வைக்கிறேன், அதன் சூட்டிலேயே உள்ளே காய்ந்துவிடும். உபயோகத்தில் இல்லாத மாடுல்கள் சிலிகா ஜெல்லோடு மூடிய டப்பாவில் இருக்கின்றன. கறுத்த கான்டாக்ட்டுக்கு ஸ்பிரே அடிக்காதீர்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டைக் கான்டாக்ட்டுக்கு நடுவில் வைத்து மெதுவாக இழுங்கள், கறுப்பு காகிதத்தோடு வந்துவிடும்.